ஒரே நாளில் நூறு மைல்!
குதிரையின் நாடி சொல்லும் தீர்ப்பு

குதிரைப் பந்தயம் என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? வட்டமான புல்தரை. இரண்டு நிமிட ஓட்டம். பணம் கட்டியவர்களின் கூச்சல்.

இங்கே சொல்லப் போவது வேறு பந்தயம். இதில் போக வேண்டிய தூரம் நூறு மைல்! அதாவது 160 கிலோ மீட்டர். அதுவும் மலையிலும் பள்ளத்தாக்கிலும். 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் இந்தப் பந்தயம் நடக்கிறது. "டெவிஸ் கோப்பை" என்று இதற்குப் பெயர்.

அறுபது வயது வீரர்

இதைத் தொடங்கி வைத்தவர் வெண்டல் ராபி. ஆபர்ன் என்ற ஊரின் வியாபாரி. இந்தக் காலத்துக் குதிரை ஒரே நாளில் நூறு மைல் போகுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். போகும் என்றார் ராபி. சொன்னதோடு நிற்கவில்லை. 1955-ம் ஆண்டு, பாண்டோஸ் என்ற தமது அரபுக் குதிரை மீது ஏறி உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது 60!

நண்பர்கள் சிலரும் உடன் புறப்பட்டார்கள். தாகோ ஏரிக் கரையிலிருந்து கிளம்பினார்கள். சியரா நெவாடா மலையைக் கடந்தார்கள். ஒரு நாள் முடிவதற்குள் ஆபர்ன் வந்து சேர்ந்தார்கள்.

நிலா வெளிச்சத்தில்

இப்போது பந்தயம் அதிகாலை ஐந்தேகால் மணிக்குத் தொடங்குகிறது. காலையில் 8,700 அடி உயரக் கணவாயில் ஏற வேண்டும். பகலில் ஆழமான பள்ளத்தாக்குகள். அங்கே அடுப்பு போல வெயில். இறக்கத்தில் பலர் குதிரையை விட்டு இறங்கி, கூடவே ஓடுகிறார்கள். முதுகுச் சுமை குறையட்டும் என்றுதான்!

இரவில் ஆற்றைக் கடக்க வேண்டும். இதற்காகவே பௌர்ணமியை ஒட்டி நாள் குறிக்கிறார்கள். மரநிழல் இருட்டில் மனிதனுக்குப் பாதை தெரியாது. குதிரைக்குத் தெரியும். கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு, அதை நம்பிப் போக வேண்டியதுதான்.

டாக்டர் வைத்ததே சட்டம்

வழியில் பல இடங்களில் கால்நடை டாக்டர்கள் காத்திருக்கிறார்கள். சும்மா நிற்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு முப்பது, நாற்பது தடவை நாடி துடிக்கும். ஓடும்போது நூறைத் தாண்டும். சோதனைச் சாவடிக்கு வந்த அரை மணிக்குள் அது அறுபதை ஒட்டி இறங்க வேண்டும். அதனால் குதிரை வந்ததும் தண்ணீரை ஊற்றுகிறார்கள், வழிக்கிறார்கள், மறுபடி ஊற்றுகிறார்கள்.

டாக்டர் கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்ப்பார். தோல் உடனே படிந்தால் உடம்பில் நீர் இருக்கிறது. ஈறை அழுத்திப் பார்ப்பார். வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார். கடகடவென்று சத்தம் வந்தால் நல்லது. குடல் வேலை செய்கிறது! பிறகு குதிரையைச் சற்று ஓட்டிக் காட்டச் சொல்வார். லேசாக நொண்டினாலும் போச்சு. ஓராண்டு உழைப்பு அங்கேயே நின்றுவிடும். அழுதாலும் பயன் இல்லை.

புறப்படும் குதிரைகளில் ஏறக்குறைய பாதிதான் ஊர் போய்ச் சேர்கின்றன. எல்லையைத் தொட்டாலும் போதாது. அங்கேயும் சோதனை உண்டு. இன்னும் ஓடக்கூடிய நிலையில் குதிரை இருந்தால்தான் கணக்கு!

இந்தக் கண்டிப்பு தேவைதானா? தேவைதான். பாலைவனச் சமவெளிகளில் இதே பந்தயம் வெறும் வேகப் போட்டியாக மாறியது. குதிரைகள் கால் முறிந்து செத்தன. 2015-ம் ஆண்டு சர்வதேச குதிரைச் சங்கம், ஐக்கிய அரபு நாடுகளின் சங்கத்தைச் சில மாதங்கள் விலக்கி வைத்தது.

டெவிஸ் பந்தயத்தில் பணப் பரிசு கிடையாது. நேரத்துக்குள் முடிப்பவருக்கு ஒரு வெள்ளி பெல்ட் கொக்கி. முதலில் வரும் பத்துக் குதிரைகளில் எது நல்ல உடல்நிலையில் இருக்கிறதோ, அதற்குத் தனிக் கோப்பை. முதலாவதாக வந்தவருக்கு அது கிடைக்காமலும் போகலாம்.

குதிரை இல்லாத வீரர்

கார்டி ஐன்ஸ்லி என்பவர் 1973-ம் ஆண்டு கலந்து கொண்டார். பாதி வழியும் போகவில்லை. குதிரை நொண்டியது. நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு அவர் மறுபடி வந்தார். குதிரையோடு அல்ல, கால்நடையாக! குதிரைகளோடு சேர்ந்து மலை ஏறி ஓடினார். 23 மணி 42 நிமிடத்தில் ஆபர்ன் வந்து சேர்ந்தார்.

இன்று பெரும்பாலும் அதே பாதையில், மனிதர்களுக்கென்று தனியாக நூறு மைல் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. 24 மணிக்குள் வருபவருக்கு அங்கேயும் பரிசு வெள்ளிக் கொக்கிதான்.