வீடும் பணியிடம்தான்

பக்கவாதத்தில் படுத்தவரைப் புரட்டிப் போடுவது, சிறுநீர்ப் பையை மாற்றுவது, படுக்கைப் புண்ணைத் துடைத்து மருந்திடுவது. நகரத்து வீடுகளில் இந்த வேலைகளுக்கு நம் குடியிருப்புகளிலிருந்து பெண்கள் பலர் போகிறார்கள். மலமும் சீழும் என்றால் ‘அவர்கள் செய்வார்கள்’ என்ற பழைய கணக்கு, ‘ஹோம் நர்சிங்’ என்ற புதுப் பெயரில் தொடர்கிறது. நோயாளியைக் குளிப்பாட்டும் கைக்குச் சில வீடுகளில் இன்றும் தனி டம்ளர்தான்.

மருத்துவமனையில் இதே வேலைக்குக் கையுறை உண்டு, ஊசியைப் போடத் தனிப் பெட்டி உண்டு, தூக்கிவிட இன்னொரு ஆள் உண்டு. வீட்டில் அவள் ஒருத்திதான்.

முதலில் போவது இடுப்பு. முதுகு போனால் வேலையும் போகும். நோயாளிக்கு அடியில் மடித்த போர்வையை விரித்து, இரு பக்கமும் இருவர் பிடித்து நகர்த்தினால் சுமை குறையும். வீட்டார் ஒருவர் கைகொடுக்க வேண்டும் என்பதை வேலைக்குச் சேரும்போதே பேசிவிட வேண்டும்.

அடுத்தது ஊசி. இன்சுலின் போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி போடக் கூடாது. கெட்டியான டப்பாவில் போட்டு மூட வேண்டும். விரலில் குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணையும் முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது, மூடிய கதவு. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டையும் பணியிடம் என்றே சொல்கிறது. மாவட்ட உள்ளூர் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். பட்டியல் சாதிப் பெண் என்று தெரிந்தே, பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஒருவர் பாலியல் நோக்கில் தொட்டால், வீட்டுக்குள் நடந்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும்.

ஆனால், சாதி சொல்லித் திட்டினால்? பிறர் பார்வைக்கு எட்டாமல் நான்கு சுவருக்குள் நடந்த இழிவுபடுத்தல் அச்சட்டத்தின் அந்தப் பிரிவில் வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நம் பெண்களின் வேலையே அந்த நான்கு சுவருக்குள்தான். இந்த ஓட்டையைச் சட்டம் அடைக்க வேண்டும்.

அதுவரை நாம் கேட்பது பெரிதில்லை. ஆள் அனுப்பும் ஏஜென்சிகளை மாவட்ட நிர்வாகம் பதிவு செய்யட்டும். கையுறை, தடுப்பூசி, எழுத்தில் ஒப்பந்தம் இன்றி எந்தப் பெண்ணையும் அவர்கள் வேலைக்கு அனுப்பக் கூடாது. படித்த பிள்ளைகள் இந்தச் சட்டங்களை வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் அக்காவுக்கும் வாசித்துச் சொல்லட்டும்.