மலையிலிருந்து இறங்கும் வழி

ஜொகூரில் வாழும் நமக்கு மலைச்சாலை அவ்வளவாகப் பழக்கமில்லை. மாநிலத்தின் மிக உயர்ந்த மலையான லேடாங் மலை 1,276 மீட்டர் உயரம் கொண்டது. அதன் உச்சிக்கு நாம் நடந்துதான் ஏறுகிறோம். மகிழுந்து ஓடும் சாலைகளோ செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பெரும்பாலும் சமமாகவே நீள்கின்றன. அதனால், பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் புறப்படும் ஜொகூர்க் குடும்பத்தினர் குளிராடைகளை மறக்காமல் எடுத்து வைக்கின்றனர். மலையிலிருந்து எப்படி இறங்குவது என்று யோசிப்பதில்லை.

திட்டமிடலைப் பயண நேரத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஜொகூர் பாருவிலிருந்து தானா ராத்தா 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பல மணி நேரம் ஓட்டிக் களைத்த பிறகுதான் தாப்பாவில் வளைவுகள் தொடங்குகின்றன. ஆகையால், வழியில் ஓரிரவு தங்கலாம். அல்லது இருவர் மாறி மாறி ஓட்டலாம். மலையில் பிற்பகலில் மழையும் மூடுபனியும் அடிக்கடி வரும். பலத்த மழைக்குப் பின் மண்சரிவும் ஏற்படுவதுண்டு. எனவே, காலையிலேயே மலையேறிவிடுவது சிறந்தது.

ஏறும்போது ஓட்டுநர் தாமாகவே கவனமாக இருக்கிறார். இயந்திரம் திணறுகிறது, வேகம் குறைகிறது. இறங்கும்போது இயந்திரம் அமைதியாக ஓடுவதால் ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில்லை.

தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஐவர் அமர்ந்து, பைகளும் ஏற்றிய சிறிய மகிழுந்தின் எடை 1,500 கிலோகிராம் என்று கொள்வோம். அது 1,400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதையும் வெப்பமாக மாற்றினால், 30 பாகை செல்சியஸில் இருக்கும் ஏறத்தாழ 70 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வரலாம். காலைப் பிரேக்கிலிருந்து எடுக்காமலே இறங்குபவர், அந்த வெப்பத்தின் பெரும்பகுதியைச் சக்கரங்களுக்குள் இருக்கும் சில தகடுகளின்மேல் கொட்டுகிறார். முதலில் கருகிய வாடை வரும். பிறகு தகடுகளின் பிடிமானம் குறையும். பிரேக் எண்ணெய் பழையதாகி ஈரத்தை உறிஞ்சியிருந்தால், அது கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகும். எண்ணெயை அழுத்தினால் விசை சக்கரத்தைச் சென்றடையும். குமிழியை அழுத்தினாலோ குமிழிதான் சுருங்கும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது.

இதற்கு மாற்றுவழி மிக எளியது, வண்டியிலேயே இருக்கிறது. ஏறுவதற்குப் பயன்படுத்திய தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும். தானியங்கி வண்டியாயின் ‘டி’யை விட்டு ‘2’ அல்லது ‘எல்’லுக்கு மாற்ற வேண்டும். அப்பொழுது இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை வளைவுக்கு முன் சற்று அழுத்தி, உடனே விட்டுவிடலாம். எரிபொருள் மிச்சமாகும் என்றெண்ணி ‘நியூட்ரலில்’ இறங்குவோர் இன்றும் உள்ளனர். இது தவறான கணக்கு. கியரில் இருக்கும்போது முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், இக்கால வண்டிகள் பெரும்பாலும் எரிபொருள் செல்வதையே நிறுத்திவிடுகின்றன.

மலைச்சாலை ஓரங்களில் ‘தாழ்ந்த கியரைப் பயன்படுத்துக’ என்று மலாய் மொழியில் எழுதிய பலகைகள் நிற்கின்றன. அவற்றை வெறும் அலங்காரமாகக் கருதிவிட முடியாது. 2013 ஆகஸ்டு 21ஆம் நாள், கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து ஒன்று பள்ளத்தாக்கில் விழுந்ததில் 37 பேர் உயிரிழந்தனர்.

பனி பெய்யும் நாட்டிலும் இதே அறிவு தேவைப்படுகிறது. பனிச்சறுக்கு விளையாட ஜப்பானின் ஹொக்காய்டோ தீவுக்குச் செல்லும் மலேசியர்கள், அங்கும் வண்டிகள் இடப்பக்கமே ஓடுவதால் தாமே ஓட்டத் துணிகின்றனர். சாலைப் போக்குவரத்துத் துறை வழங்கும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி மட்டும் போதாது. வண்டியில் பனிக்கால டயர்கள் பொருத்தப்பட்டுள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். உறைந்த சாலையில் டயரின் பிடிமானம் மிகக் குறைவு. வண்டி நிற்க எடுக்கும் தூரம் பல மடங்காகும். அங்கும் தாழ்ந்த கியர் உதவும். ஆனால், கியரை இறக்கத்திற்கு முன்பே மெதுவாக மாற்ற வேண்டும். திடீரென்று மாற்றினால் சக்கரங்கள் வழுக்கிவிடும். பிரேக்கும் திருப்பமும் அவ்வாறே மென்மையாக இருக்க வேண்டும். நம் மழைச்சாலையில் பழகிய கைகளுக்கு இது எளிதில் வராது. முதன்முறை செல்பவர்கள் பேருந்திலோ இரயிலிலோ செல்வதே அறிவுடைமை என்பேன்.

கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி இருக்கிறது. கருகிய வாடை வந்தாலும் வராவிட்டாலும் அங்கே வண்டியை நிறுத்தலாம். குழந்தைகள் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு, சாலையோரக் கடையில் பெற்றோர் வாங்கும் பெத்தாயையும் தேனையும் பார்த்துவிட்டு வருவதற்குள் அரைமணி நேரம் ஓடிவிடும். பிரேக் தகடுகள் ஆறுவதற்கு அந்நேரம் போதும்.