சர்க்கரை தானாகக் குறைகிறதா? உஷார்!

"பத்து வருஷமா இருந்த சர்க்கரை தானாவே இறங்கிடுச்சு டாக்டர்!" என்று சந்தோஷப்படுகிறவரா நீங்கள்? கொஞ்சம் பொறுங்கள். இன்சுலினை உடம்பிலிருந்து கழிப்பதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு. அது பழுதானால் இன்சுலின் அதிக நேரம் ரத்தத்தில் தங்கி, சர்க்கரையை இறக்கிவிடும். நோய் போய்விட்டதாக அர்த்தமில்லை!

சிறுநீரகம் வலித்துச் சொல்லாது. நீரில் நுரை, காலில் வீக்கம் என்று தெரிவதற்குள் பாதிப்பு முற்றியிருக்கலாம்.

நீரைப் பார்த்து நோயறிவதை எங்கள் சித்த மருத்துவம் 'நீர்க்குறி' என்கிறது. ஆனால், ஆரம்பப் பாதிப்பு கண்ணுக்குத் தெரியாது. அதனால் வருஷம் ஒரு தடவை சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்துவிடுங்கள். ஆல்புமின், 1 கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்கணும்.

ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். வலி மாத்திரையை இஷ்டத்துக்கு விழுங்காதீர்கள். முறையாகப் படிக்காதவர் தரும் பஸ்பம், செந்தூரம் கூடவே கூடாது. சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்!