அசுவினிக்கு எமன் இந்தப் பூ ஈ



ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துக்காரர்களிடம் தோட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "இங்க ஏதுங்க தோட்டம்?" என்பார்கள். ஆனால் கன்டெய்னர் லாரிப் புழுதிக்கு நடுவிலேயும் ஒரு முருங்கை நிற்கிறது. ஓட்டுக் கூரை மேலே அவரைக் கொடி ஏறியிருக்கிறது. மொட்டை மாடியில் தளைப் பைகளில் கத்தரியும் காராமணியும் காய்க்கின்றன. அவ்வளவு இருந்தால் போதும், நான் சொல்லப் போவது உங்களுக்குத்தான்.

அவரையின் இளந்தண்டிலும் மொக்கிலும் மிளகுத் தூளைக் கொட்டி வைத்தாற்போல் கறுப்பாக அசுவினி அப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். சிலர் பேன் என்பார்கள். சாற்றை உறிஞ்சி நுனியைச் சுருட்டிவிடும். அது கழிக்கிற இனிப்புப் பிசுக்குக்காக எறும்பு சாரி சாரியாய் ஏறும். இந்தக் கூட்டத்துக்கு நடுவே சில நாளில் இன்னொன்றும் தெரியும். காலில்லாத, தலை எது வால் எது என்று சட்டென்று தெரியாத, வெளிர்ப் பச்சையோ பழுப்போ கலந்த ஒரு சிறு புழு. அரை அங்குலம்கூட இருக்காது. காலடிப்பேட்டைப் பக்கம் ஒரு பாட்டியம்மா என்னிடம், "பேன் பத்தாதுன்னு புழுவும் உழுந்துட்ச்சி சார், இன்னா மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டார். அந்தப் புழு இலையைத் தின்ன வந்ததில்லை. அசுவினியைத் தின்ன வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாருங்கள். கூரான முன்பக்கத்தை இப்படியும் அப்படியும் துழாவும். ஓர் அசுவினி தட்டுப்பட்டதும் கவ்வித் தூக்கி, சாற்றை உறிஞ்சிவிட்டு வெறுந்தோலைப் போட்டுவிடும். கூட்டுப்புழு ஆவதற்குள் ஒரே புழு நூற்றுக்கணக்கில் காலி பண்ணும். காயைத் துளைக்கிற புழுவுக்குக் கால் உண்டு, தலை தனியாகத் தெரியும். இதற்கு இரண்டும் இல்லை. இந்த அடையாளம் ஒன்றை மறக்காமல் வைத்துக்கொண்டால் போதும்.

இதனுடைய தாய்தான் பூ ஈ. வேளாண்மைத் துறைக்காரர்கள் சிர்பிட் ஈ என்பார்கள். ஊரறிந்த தமிழ்ப் பெயர் இல்லை, அதனால் பூ ஈ என்றே வைத்துக்கொள்வோம். மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக இருப்பதால் குளவி என்று பயந்து துணியால் அடிப்பவர்கள் உண்டு. குளவிக்கு இறக்கை நாலு, இதற்கு இரண்டே இரண்டு. கொடுக்கு கிடையாது, கொட்டவே கொட்டாது. குளவி வேஷம் போடுவது பறவைகளை ஏமாற்ற. ஆகாயத்தில் ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் நிற்கும், சட்டென்று பக்கவாட்டில் விலகிப் போகும். அசுவினி இருக்கிற இடமாகத் தேடிப் பார்த்து, அரிசிக் குருணை மாதிரி வெள்ளை முட்டைகளை ஒவ்வொன்றாக வைக்கும்.

மருந்து அடித்தால் என்ன ஆகிறது? அசுவினியும் சாகும், இந்தப் புழுவும் சாகும். ஆனால் தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு அசுவினி போதும். நம் ஊர் வெப்பத்தில் அது ஆண் துணையே இல்லாமல் குட்டி போடும், அந்தக் குட்டியும் ஒரு வாரம் போல ஆனதும் குட்டி போட ஆரம்பிக்கும். பூ ஈக்கு முட்டையிலிருந்து ஈயாக ஏறக்குறைய மூன்று வாரம் பிடிக்கிறது. பகைவன் முதலில் திரும்பி வருகிறான், காவலாளி பிறகுதான் வருகிறான். அப்புறம் மறுபடியும் மருந்து. அந்த அவரைக்காயைத் தின்னப் போவது நம் பிள்ளைகள்.

பெரிய ஈ அசுவினியைத் தின்னாது. அதற்குத் தேனும் மகரந்தமும் வேண்டும். மகரந்தம் கிடைக்காவிட்டால் முட்டை முதிராது. வாய் குட்டையானதால் ஆழமான பூ சரிப்படாது, திறந்த சின்னப் பூதான் பிடிக்கும். கொத்தமல்லியைக் கொஞ்சம் பூக்க விடுங்கள். சோம்பும் கடுகும் அப்படியே. தண்டவாளத்து ஓரத்திலும் எண்ணூர் மணல் மேட்டிலும் தானாக முளைக்கிற வெட்டுக்காயப் பூண்டு, அதுதான் பிள்ளைகள் தாத்தாப் பூ என்று கிள்ளி விளையாடுவது, அதில் காலை நேரத்தில் பாருங்கள், பூ ஈ நிச்சயம் இருக்கும். குப்பைச் செடி என்று அத்தனையையும் பிடுங்க வேண்டாம்.

"இன்னா சார், ஈயைப் போயி நல்லதுன்றீங்க?" என்று கேட்பது புரிகிறது. எல்லா ஈயையும் அடுப்படிக்குக் கூப்பிடச் சொல்லவில்லை. ஆனால் காசிமேட்டில் கருவாட்டை மொய்க்கிறதே, பச்சையாக மினுங்குகிற ஈ, அந்த இனத்து ஈக்கள் மாம்பூவுக்கும் போய் மகரந்தம் சேர்க்கின்றன. மாம்பூவுக்கு ஈக்கள் முக்கியமான தரகர்கள். ஆஸ்திரேலியாவில் சில மா விவசாயிகள் பூக்கிற காலத்தில் தோப்புக்குள் இறைச்சிக் கழிவை வைத்தே ஈயை வரவழைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தச் செலவு இல்லை! பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகப் போடுகிற கோகோவுக்கும், கண்ணுக்குத் தெரிவதே அரிதான ஒரு பொடி ஈதான் காய் பிடிக்க வைக்கிறது.

பூ ஈயிலேயே தேனீ மாதிரி தடித்த ஒரு வகை உண்டு. அதன் புழு சாக்கடைத் தேக்கத்தில் வளரும். வால் போல் நீளும் மூச்சுக்குழாயை நீர்மட்டத்துக்கு நீட்டிக் காற்று வாங்கும். அழுகலைத் தின்று வளர்ந்து, பிறகு பூவுக்குப் போகும். இதற்காகச் சாக்கடையை அப்படியே விடச் சொல்ல மாட்டேன். ஆனால் அழுக்கு வேறு, எண்ணெய் வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது நினைவிருக்கும். நீர்மட்டத்தில் மூச்சு விடும் புழுவுக்கு எண்ணெய்ப் படலம் என்ன செய்யும் என்பது, கொசுப் புழுவுக்கு எண்ணெய் ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, அசுவினி விழுந்தால் என்ன செய்வது? முதலில் காலில்லாப் புழு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு வாரம் பொறுங்கள். இல்லையென்றால் தண்ணீரை விசையாகப் பீய்ச்சி உதிர்த்துவிடுங்கள், மிகவும் சுருண்ட நுனியைக் கிள்ளி எறியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 1 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து, பூ ஈ அடங்கிய சாயங்கால வேளையில், அசுவினி உள்ள நுனிகளில் மட்டும் தெளியுங்கள். பூவின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.