மருந்து கேட்குமா? சளியே சொல்லும்

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்ப்பவரானாலும், ஆவடியிலிருந்து மின்சார ரயில் பிடிப்பவரானாலும், மருந்துக்கடை சிரப்பிலேயே நாளை ஓட்டிவிடுகிறோம். டிபி என்று தெரிந்த பிறகும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: என் உடம்பில் இருக்கும் கிருமிக்கு இந்த மாத்திரை கேட்குமா?

இரண்டு மணி நேரத்தில் முதல் பதில்

மைக்ராஸ்கோப்பில் கிருமி தெரியும். அது மருந்துக்கு மசியுமா என்பது தெரியாது. அதைச் சொல்பவை சிபிநாட், ட்ரூநாட் என்ற மரபணுச் சோதனைகள். முக்கிய டிபி மருந்தான ரிபாம்பிசினை எதிர்க்கும் மரபணு மாற்றத்தை சிபிநாட் சுமார் 2 மணி நேரத்தில் காட்டிவிடும். ஆனால் வழக்கமான சிபிநாட், இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியாசிட் பற்றி வாய் திறக்காது. அதற்கு லைன் ப்ரோப் சோதனை வேண்டும். பட்டையில் விழும் கோடுகளை வைத்துச் சில நாட்களில் பதில் சொல்வார்கள். முதல் ரிப்போர்ட்டோடு நின்றுவிடுவது சரியல்ல.

வளர்த்துப் பார்க்கும் சோதனை

முட்டை கலந்த பச்சை நிற ஊடகம், கண்ணாடிக் குழாயில் சரிவாக உறைந்திருக்கும். சளியிலுள்ள கிருமி அதன்மேல் காலிஃபிளவர் பூப்போல, சொரசொரப்பாக, வெளிர்மஞ்சளாக வளரும். பிறகு அதை மருந்து கலந்த குழாயிலும் கலக்காத குழாயிலும் விட்டு ஒப்பிடுவார்கள். கலக்காததில் வளர்ந்ததில் 1 சதவீதமாவது மருந்துக் குழாயிலும் வளர்ந்தால், அந்த மருந்து கேட்காது என்று பொருள். காசநோய்க் கிருமி இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும். அதனால்தான் வாரக்கணக்கில் காத்திருப்பு. திரவ ஊடகத்தில் முடிவு சீக்கிரம் வரும்.

இதில் உலகமே மதிக்கும் ஆய்வகம் நமக்குப் பக்கத்திலேயே, சேத்துப்பட்டில் இருக்கிறது. 1956-ல் தொடங்கிய அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

டப்பாவில் இருப்பது சளியா, எச்சிலா?

எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் எச்சிலை வைத்து எதுவும் செய்ய முடியாது. காலையில் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமிச் சளி எடுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், காற்றோட்டமான வெட்டவெளியில் எடுங்கள்.

மருந்து கேட்கவில்லை என்று வந்தாலும் பயப்படாதீர்கள். தகுதியுள்ள நோயாளிகளுக்கு 6 மாதத்தில் முடியும் புதிய கூட்டு மருந்து முறைக்கு 2024-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது.

அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனைகள் இலவசம். பூந்தமல்லியோ ஆவடியோ, சிகிச்சை தொடங்கும்போதே மருந்து எதிர்ப்புச் சோதனைக்குச் சளி அனுப்பியாயிற்றா என்று கேளுங்கள். சந்தேகமிருந்தால் 1800 11 6666 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள்.