ஒரே கர்ப்பம், இரண்டு தீர்ப்பு

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகம். மேலாளர் எல்லோரையும் திட்டுகிறார், யார் விடுப்பு கேட்டாலும் முகம் சுளிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடுமைதான், ஆனால் பாகுபாடு ஆகாது. அவர் தமிழர்களை மட்டும், அல்லது பெண்களை மட்டும் அப்படி நடத்தினால்? அதுதான் பாகுபாடு: ஒருவருடைய வேலையைப் பார்க்காமல், அவருடைய இனம், மதம், பாலினம் போன்ற அடையாளத்தைப் பார்த்துத் தாழ்த்துவது.

பாகுபாடு என்றாலே சட்டவிரோதம் என்று நினைப்போம். மலேசியச் சட்டமோ முதலில் வேறொரு கேள்வி கேட்கும்: சம்பளம் தருவது யார்?

கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு, தானே அனுமதித்த விலக்குகள் போக, மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் பார்த்துக் குடிமக்களைப் பிரிக்கக்கூடாது என்கிறது. ‘பாலினம்’ என்ற ஒரு சொல் அந்தப் பட்டியலில் ஏறியது 2001இல்தான். சுதந்திரம் கிடைத்து 44 ஆண்டு கழித்து! ஆனால் இந்தப் பிரிவு ஒரு பக்கம் மட்டும் ஒளி வீசும் டார்ச் விளக்கு. அரசு செய்வது அதில் தெரியும்; தனியார் முதலாளி செய்வது தெரியாது.

விமானப் பணிப்பெண் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் இதை அனுபவித்தார். கர்ப்பமானால் பதவி விலக வேண்டும் என்று அவருடைய கூட்டு ஒப்பந்தம் சொன்னது. கூட்டு ஒப்பந்தம் என்பது தொழிற்சங்கமும் நிறுவனமும் செய்துகொண்ட உடன்பாடு. அவர் விலக மறுத்தார், வேலை போனது. கூட்டு ஒப்பந்தம் ‘சட்டம்’ அல்ல, அரசியலமைப்பு தனியார் தகராறுக்குள் வராது என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் கைவிரித்தது.

நூர்பாடிலாவுக்கோ முதலாளி அரசு; அவர் உலு லங்காட்டில் தற்காலிக ஆசிரியை. 2009இல், கர்ப்பிணி என்று தெரிந்ததும் அவருடைய நியமனம் ரத்தானது. 2011இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதன் தர்க்கம் அழகானது: கருவுறுவது பெண் மட்டுமே, ஆகவே கர்ப்பத்துக்காக வேலையைப் பறிப்பது, பெண் என்பதற்காகப் பறிப்பது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆண் தேவையே இல்லை.

ஒரே கர்ப்பம், முதலாளி மாறியதும் தீர்ப்பு மாறிவிட்டது. எனக்கு இது இன்றும் பொறுக்கவில்லை.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1இல் அமலுக்கு வந்தபோது விளக்கு தனியார் பக்கமும் திரும்பியது. 69எஃப் பிரிவின்படி, வேலையிடப் பாகுபாட்டைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து முடிவு சொல்லலாம். அதை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளக்காரர் ஒருவரின் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு ஊதியம் அது. மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 1,000 ரிங்கிட் வரை கூடும்.

இன்னும் நுட்பமானது 41ஏ பிரிவு. கர்ப்பிணியை வேலைநீக்கம் செய்தால், காரணம் கர்ப்பம் அல்ல என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். பாரம் தோள் மாறிவிட்டது.

ஓட்டையும் உண்டு. 69எஃப் பேசுவது ஊழியரையும் முதலாளியையும் பற்றி; கிள்ளானில் நேர்காணலுக்குப் போய், “கல்யாணம் எப்போது?” என்ற கேள்வியோடு திருப்பி அனுப்பப்படும் பெண் இன்னும் ஊழியர் ஆகவில்லை. அவருக்கும் அந்தக் கதவு திறக்க வேண்டும்.

வேலை இருப்பவர்கள், நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதீர்கள். நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டால், தொழிலியல் உறவு இலாகாவிடம் முறையிட உங்களுக்கு 60 நாள்தான் இருக்கிறது.