பதற்றத் தணிப்பு மருந்து விளக்கத்தில் வினையும் வினைமுதலும்

1. முன்னுரை

பதற்றத்தைத் தணிக்கும் மருந்துகளுள் பென்சோடயசிபீன் வகை விரிவாக ஆராயப்பட்ட ஒன்றாகும். இவ்வகையின் முதல் மருந்தாகிய குளோர்டயசிபாக்சைடு, அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஹாப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் பணியாற்றிய லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலாரின் ஆய்வில் உருவாகி, 1960இல் விற்பனைக்கு வந்தது. டயசிபாம் 1963இல் வந்தது. இவை மூளையில் எங்குப் பிணைகின்றன என்பது 1977இல்தான் தெளிவாயிற்று. அவ்வாண்டில் டென்மார்க்கிலும் சுவிட்சர்லாந்திலும் இரு குழுவினர் தனித்தனியே அப்பிணைப்பிடத்தைக் கண்டறிந்தனர்.

இம்மருந்தின் செயற்பாட்டைத் தமிழில் எழுதுவோர் கலைச்சொல்லில் காட்டும் கவனத்தை வினையமைப்பில் காட்டுவதில்லை. கலைச்சொற்கள் அனைத்தும் சரியாக அமைந்த வாக்கியமும், வினைமுதல் மாறிவிடின் பிழையான மருந்தியலையே கூறும். இதனை மூன்று நிலைகளில் விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

2. திறப்பது எது?

காமா அமினோ பியூட்டிரிக் அமிலம், சுருக்கமாகக் காபா, மூளையில் நரம்பணுக்களின் கிளர்ச்சியை அடக்கும் முதன்மையான வேதிப்பொருள். அதனை ஏற்கும் காபா-ஏ ஏற்பி ஐந்து புரத உட்கூறுகள் வளையமாகச் சேர்ந்து அமைந்தது. நடுவே குளோரைடு அயனிகள் செல்வதற்குரிய வாயில் உள்ளது. பெரும்பாலான ஏற்பிகளில் ஆல்ஃபா இரண்டும் பீட்டா இரண்டும் காமா ஒன்றுமாக உட்கூறுகள் அமைகின்றன. ஆல்ஃபாவும் பீட்டாவும் கூடுமிடத்தில் காபா பிணைய, வாயில் திறக்கிறது. டயசிபாம் பிணைவது ஆல்ஃபாவும் காமாவும் கூடும் வேறோரிடத்தில்.

‘டயசிபாம் ஏற்பியின் வாயிலைத் திறக்கிறது’ என்பது எளிதில் எழுதப்படக்கூடிய வாக்கியம், ஆனால் பிழையானது. காபா இல்லாதவிடத்து டயசிபாம் வாயிலைத் திறப்பதில்லை. காபா பிணைந்திருக்கும்போது வாயில் திறக்கும் தடவைகளை அது மிகுவிக்கிறது. பார்பிட்டுரேட் வகை மருந்துகளோ வாயில் திறந்திருக்கும் கால அளவை நீட்டிக்கின்றன. அளவு மிகும்போது காபா இன்றியும் வாயிலைத் திறக்கவல்லன.

தமிழில் ‘திற’ என்னும் வினை, ‘கதவு திறந்தது’ எனவும் ‘கதவைத் திறந்தான்’ எனவும் தன்வினைப் பொருளிலும் பிறவினைப் பொருளிலும் வடிவு மாறாது வரும். ஆகவே வினைமுதலை வாக்கியமே உணர்த்தவேண்டும். ‘டயசிபாம் பிணைந்திருப்பின், காபாவால் வாயில் அடிக்கடி திறக்கிறது’ என்றும், ‘பார்பிட்டுரேட் பிணைந்திருப்பின், வாயில் நெடுநேரம் திறந்திருக்கிறது’ என்றும் எழுதினால் வேறுபாடு தெளிவாகும். முன்னதில் நிகழ்வு மீண்டும் மீண்டும் நிகழ்தல். பின்னதில் நிலை நீடித்தல். ‘திறக்கிறது’, ‘திறந்திருக்கிறது’ என்னும் இரு வடிவங்களே இவ்வேறுபாட்டைத் தாங்கப் போதுமானவை.

பெயர்களிலும் இச்சிக்கல் உண்டு. ஏற்பியை நேரே இயக்குவதை ‘இயக்கி’ எனலாம். டயசிபாமையும் அவ்வாறு அழைத்தல் பொருந்தாது. ‘வேற்றிடச் செயல்மாற்றி’ என்பது அதன் தன்மையைக் காட்டும். ‘எதிர்’ என்னும் முன்னொட்டும் ஐயத்திற்கு இடமளிக்கிறது. ஃபுளூமாசெனில் டயசிபாமின் இடத்தைப் பற்றிக்கொண்டு அதன் செயலைத் தடுக்கிறது. தானாக ஏறத்தாழ எதையும் செய்வதில்லை. பீட்டா கார்போலின் சேர்மங்களுள் சில அதே இடத்தில் பிணைந்து காபாவின் ஆற்றலைக் குறைத்துப் பதற்றத்தை மிகுவிக்கின்றன. இரண்டையும் ‘எதிர்’ என்றே குறித்தால், ஒன்றுஞ் செய்யாதிருத்தலும் மாறாகச் செய்தலும் ஒன்றாகிவிடும். முன்னதைத் ‘தடுப்பி’ என்றும் பின்னதை ‘எதிர்த்திசை மாற்றி’ என்றும் பிரித்தல் நலம்.

3. எலி செய்தது என்ன?

விலங்காய்வில் பெரிதும் பயன்படுவது உயர்த்திய கூட்டல்குறி வடிவப் பாதை. தரையிலிருந்து உயர்ந்த நான்கு கிளைப்பாதைகளுள் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. எலி இயல்பாகவே சுவருள்ள கிளைகளை நாடும். டயசிபாம் பெற்ற எலி திறந்த கிளைகளில் கூடுதல் நேரம் தங்குகிறது. இதனை ‘எலிக்குப் பயம் குறைந்தது’ என மொழிபெயர்ப்பது கண்டதைக் கருதியதாக்குவதாகும்.

‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்னும் நான்காம் வேற்றுமைத் தொடர், உணர்பவர் தம் அகநிலையைக் கூறுவதற்கு உரியது. ‘எலிக்கு’ என அதே வேற்றுமையை அமைக்குங்கால் அளக்கப்படாத அகநிலை ஒன்று அளக்கப்பட்டதாகத் தோன்றும். எலி மிகுதியாக ஓடித் திரிந்தாலும் திறந்த கிளைகளில் நுழைவு கூடலாம். ஆதலின் ஆய்வாளர் சுவருள்ள கிளைகளில் நுழைந்த எண்ணிக்கையையும் சேர்த்தே நோக்குவர். நெம்பை அழுத்தினால் உணவும் சில வேளைகளில் உடன் மின்னதிர்வும் கிடைக்கும் வகையிலான சோதனையிலும் இந்நிலையே. மருந்து பெற்ற எலி அதிர்வைப் பொருட்படுத்தாது அழுத்துகிறது. ஆயினும் இவ்வகை மருந்துகள் எலியின் உணவு வேட்கையையும் மிகுவிப்பவை. ஆகவே அதிர்வில்லாத வேளையில் அழுத்தும் அளவோடு ஒப்பிட்டே முடிவு கூறப்படுகிறது. கண்ட செயல் ஒரு வாக்கியத்திலும் அதிலிருந்து கருதப்பட்ட நிலை மற்றொன்றிலும் அமைதல் வேண்டும்.

4. ‘அமைதி’ என்னும் சொல்

‘நரம்புகளை அமைதிப்படுத்தும் மருந்து’ என்னும் தொடர் பதற்றம் தணிதலையும் உறக்க மயக்கம் உண்டாதலையும் ஒருங்கே சுட்டுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதற்குச் சூரிச் நகர ஆய்வுகள் சான்றாகின்றன. ஆல்ஃபா-1 உட்கூற்றில் 101ஆம் இடத்திலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்திற்குப் பதிலாக ஆர்ஜினின் அமையுமாறு மாற்றப்பட்ட சுண்டெலிகளில், டயசிபாமின் மயக்க விளைவு மறைந்தது; பதற்றத் தணிப்பு நிலைத்தது. இது 1999இல் வெளியாயிற்று. ஆல்ஃபா-2 உட்கூற்றில் இதற்கிணையான மாற்றம் செய்தபோது பதற்றத் தணிப்பு மறைந்தது என்பது 2000இல் வெளியாயிற்று. மருந்து ஒன்றே, ஏற்பியின் உட்கூற்றுக்கேற்ப விளைவு வேறாகிறது. ‘பதற்றத் தணிப்பு’, ‘உறக்க மயக்கம்’ என இரு சொற்களையும் இறுதிவரை பிரித்தே ஆளுதல் இதனால் இன்றியமையாததாகிறது.

5. முடிவுரை

இவ்வேறுபாடுகள் ஆய்வேட்டோடு நின்றுவிடுவன அல்ல. டயசிபாம் தனியே அளவு மிகினும் உயிரிழப்பு அரிதாயிருப்பதற்கும், பார்பிட்டுரேட் அளவு மிகின் மூச்சை அடக்கிவிடுவதற்கும் வாயிலைத் தானே திறக்கும் ஆற்றல் ஒன்றுக்கு இல்லாமையும் மற்றதற்கு உண்மையும் முக்கியமான காரணமாகும். எனினும் மதுவோடோ அபினி வகை மருந்தோடோ சேரும்போது டயசிபாமும் மூச்சை அடக்கக்கூடும். அபினி வகையோடு சேர்த்தல் குறித்து அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2016இல் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. ‘அமைதி தரும்’ என்று மட்டும் கூறும் மருந்துக் குறிப்பு இவ்வெச்சரிக்கையை உணர்த்தாது. எது செய்கிறது, எதன் துணையோடு செய்கிறது, செய்கிறதா செய்விக்கிறதா என்னும் வினாக்களை வாக்கியந்தோறும் எழுப்பிக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளரே நோயாளி படிக்கும் குறிப்பையும் பிழையின்றி எழுத இயலும்.